விரல் நுனியில் எழுத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பார்வையற்ற, குறைபார்வை உள்ள பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மகளுக்கு நாலு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளியில் சேர்ந்த பிறகு பிரெயில் (விரலால் தடவிப் படிக்கும் மேடான புள்ளி எழுத்து) கற்றுக்கொண்டால் போதும் என்கிறார்கள். அதுவரை நான் என்ன செய்வது? (ஒரு தாய்)

நிறையச் செய்யலாம். பார்வையுள்ள குழந்தையை உட்காரவைத்து யாரும் 'அ' சொல்லித் தருவதற்கு முன்பே அது பெயர்ப் பலகையிலும் பெட்டியிலும் சட்டையிலும் எழுத்தைப் பார்த்துவிடுகிறது. படிக்கத் தெரியாது, ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது, பெரியவர்கள் அதைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள் என்பது தெரியும். உங்கள் மகளுக்கு அது தானாக வராது. நாம்தான் கொண்டுவந்து விரலுக்குக் கீழே வைக்க வேண்டும்.

அவள் பெயரைப் பிரெயிலில் எழுதி அவள் நாற்காலியிலும் அலமாரியிலும் ஒட்டுங்கள். சாதாரணக் கதைப் புத்தகத்தின் பக்கங்களில், பிரெயில் குத்திய ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரை ஒட்டினால் நீங்கள் அச்சைப் பார்த்துப் படிக்கும்போது அவள் கை புள்ளிகள் மேல் போகும். எழுத்து அடையாளம் தெரிய வேண்டும் என்ற அவசரம் இப்போது வேண்டாம். வரி இடமிருந்து வலமாகப் போகிறது, முடிந்ததும் அடுத்தது வருகிறது, அது புரிந்தாலே பெரிய விஷயம்.

கதையில் வரும் பொருட்களை ஒரு பையில் போட்டு வைத்து, சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். பொருள் நிஜமானதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் இலையைத் தடவினால் பிளாஸ்டிக்தான் தெரியும், இலை தெரியாது. விரலுக்கு வலு வேண்டும், அதற்குக் களிமண், மணி கோர்ப்பது, மூடி திருகுவது எல்லாம் போதும். இன்னொன்று: அவள் கையைப் பிடித்து இழுத்து எதன் மேலும் வைக்காதீர்கள். உங்கள் கையை அவள் கைக்குக் கீழே வைத்துக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்றால் அவளாகவே கையை எடுத்துக்கொள்ள முடியும்.

அப்புறம், நீங்களும் பிரெயில் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணால் படிக்கக் கற்பது விரலால் கற்பதைவிட ரொம்பச் சுலபம்.

உப்புத்தாளில் எழுத்துகளைப் பெரிதாக வெட்டி ஒட்டி மகனைத் தடவ வைக்கிறேன். சரியாகவே கண்டுபிடிக்கிறான். ஆனால் அவன் ஆசிரியை நிறுத்தச் சொல்கிறார். ஏன்?

ஆசிரியை சொல்வது சரி. ஓர் எழுத்தின் ஓரமெல்லாம் சுற்றி வந்து 'ஆ' என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். அந்த வேகத்தில் ஒரு பத்தியை முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோயிருக்கும். 1780-களில் பாரிஸில் வாலண்டைன் ஆய் என்பவர் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி இதைத்தான் செய்தார், அச்செழுத்தையே மேடாக அழுத்திப் புத்தகம் போட்டார். புத்தகங்கள் பெரிதாகவும் கனமாகவும் இருந்தன, படிப்பு ஊர்ந்தது, பிள்ளைகள் தாங்களாகச் சுலபமாக எழுதவும் வழியில்லை. பிறகு அதே பள்ளியில் படித்த லூயி பிரெயில், ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியேயின் 12 புள்ளி முறையைக் குறுக்கி, 1824 வாக்கில், தன் 15 வயதில், ஆறு புள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு புள்ளி விரல் நுனிக்குள் அடங்காது, மேலும் கீழும் தடவ வேண்டும். ஆறு அடங்கும். பார்வையுள்ள நமக்கு எழுத்து என்றாலே கோடு, அதனால் உப்புத்தாள் தோன்றுகிறது. விரலுக்குக் கோட்டைவிடப் புள்ளிதான் தெளிவு.

கையெழுத்துப் போடுவதற்கு அவன் பெயரை மட்டும் அச்செழுத்தில் தெரிந்துகொள்ளட்டும். உப்புத்தாள் அதற்கு உதவும்.

போன் எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிடுகிறதே, பத்து வயதுப் பையனைப் புள்ளிகளோடு ஏன் மல்லுக்கட்ட விட வேண்டும்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். போன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இல்லாமல் இன்று படிப்பும் இல்லை வேலையும் இல்லை. ஆனால் கேட்பவனுக்குச் செய்தி போய்ச் சேர்கிறது, எழுத்து போய்ச் சேர்வதில்லை. 'மரம்', 'மறம்' இரண்டையும் போன் சொல்லிக் கேளுங்கள். 'பனி', 'பணி'? 'வலி', 'வளி', 'வழி'? ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றேதான், எது எங்கே வரும் என்பது எழுத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் பழகும். காதால் மட்டுமே படித்த பிள்ளை வாய்மொழியில் பிரமாதமாகப் பதில் சொல்லும், ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் தடுமாறும், பார்ப்பவர்கள் அதைப் புத்திக் குறைவு என்று நினைத்துவிடுவார்கள். அது அந்தப் பிள்ளையின் குறையே இல்லை, எழுத்தைக் கண்ணிலோ கையிலோ யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு இன்னும் மோசம். 'எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு' என்று குரல் சொன்னால், இரண்டால் வகுபடுவது ஒன்று மட்டுமா, எக்ஸும் சேர்த்தா? விரலுக்குக் கீழே இருந்தால் அடைப்புக்குறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போகலாம், சந்தேகம் வந்தால் திரும்பி வரலாம்.

சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது மூளையில் பார்வைக்கென்று உள்ள பகுதியே வேலை செய்வதை 1996-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, படிப்பு படிப்புதானே.

போனா பிரெயிலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இல்லை. போனோடு இணைக்கும் பிரெயில் திரைகள் இருக்கின்றன, திரையில் உள்ள வரி சின்னச் சின்ன ஊசிமுனைகளாக மேலெழும். விலைதான் அதிகம்.

தமிழில் 247 எழுத்து. அத்தனைக்கும் பிரெயில் குறி மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அச்சில் படிக்கும் பிள்ளையைவிட இந்த விஷயத்தில் உங்கள் பிள்ளைக்குத்தான் வேலை குறைவு. உயிர் 12, மெய் 18, ஆய்தம், அச்சில் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு ஒரு குறி, முடிந்தது. உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது: 'கி' என்றால் க, அடுத்து இ. 'கொ' என்றால் க, அடுத்து ஒ. முன்னால் கொம்பு பின்னால் கால் என்ற குழப்பமே இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அந்தப் புள்ளிக்கான குறி எழுத்துக்கு முன்னால் வரும். 'அம்மா' எழுத ஐந்து கட்டம் (ஆறு புள்ளிக்கான இடம் ஒரு கட்டம்): அ, புள்ளி, ம, ம, ஆ.

என் வகுப்பில் ஒரு மாணவன் புத்தகத்தை மூக்கில் முட்டப் பிடித்துப் படிக்கிறான். கண் கெட்டுவிடாதா? அவனுக்குப் பிரெயில் தேவையா? (ஓர் ஆசிரியர்)

கிட்டே வைத்துப் படிப்பதால் கண் கெடாது. அவனுக்கு அதுதான் உருப்பெருக்கி. சாய்வுப் பலகை ஒன்று கொடுங்கள், கழுத்து தப்பிக்கும். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும், ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள். பளபளக்கும் தாள் வேண்டாம், கறுப்பு மை நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாருக்கும் உதவும் என்று நினைக்க வேண்டாம்: பார்வைப் பரப்பு சுருங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்து ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுதான் தெரியும், படிப்பு இன்னும் மெதுவாகிவிடும்.

பிரெயில் தேவையா என்பதை முதல் பக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். வேகம் பாதியாகிவிட்டதா, கண்ணில் நீர் வருகிறதா, படித்தது நினைவில் இருக்கிறதா? அங்கே திணறினால் இரண்டையும் சேர்த்தே கற்கட்டும். பார்வை போகப் போகக் குறையும் நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இப்போதே தொடங்குங்கள்.

பிரெயில் ஸ்லேட்டில் எழுதும்போது மகள் 'இ'க்குப் பதில் 'ஏ' போடுகிறாள். படிக்கும்போது குழப்பமே இல்லை. என்ன கோளாறு?

கோளாறு இல்லை. ஒரு கட்டத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று புள்ளிகளுக்கு எண். 'இ' 2, 4-ஆம் புள்ளிகள், 'ஏ' 1, 5-ஆம் புள்ளிகள், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். ஸ்லேட் என்பது தாளைச் செருகி ஊசியால் புள்ளி குத்தும் சட்டம். அதில் தாளின் பின்பக்கம் குத்துகிறோம், அதனால் வலமிருந்து எழுத வேண்டியிருக்கிறது. 'தலைகீழ்', 'மாற்றி' என்றெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இடது, வலது என்பதையே விட்டுவிட்டு, 'கை போகும் திசையில் முதல் வரிசை, இரண்டாம் வரிசை' என்று மட்டும் சொல்லுங்கள். 1, 2, 3 எப்போதும் முதல் வரிசைதான், படித்தாலும் எழுதினாலும்.

பிரெயில் தட்டச்சுப்பொறி கிடைத்தால் சிறு பிள்ளைகளுக்கு அதிலேயே ஆரம்பிக்கலாம், அடித்த உடனே தாளைத் தொட்டுப் படிக்க முடியும். ஆனால் பெர்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சுப்பொறி கிட்டத்தட்ட 5 கிலோ, ஸ்லேட்டோ பைக்குள் போகும். ஸ்லேட்டில் தப்பாகக் குத்திய புள்ளியைத் தாளைத் திருப்பி நகத்தால் அழுத்தித் தேய்க்கக் கற்றுக்கொடுங்கள், முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வைக்காதீர்கள்.