லேக் போதுமா, பிஹைண்டும் வேண்டுமா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் நிலவரத்தை மெயிலில் அனுப்ப வேண்டும். போன வாரம் ‘லைன் 2 இஸ் லேகிங் பிஹைண்ட் பை டூ டேஸ்’ என்று எழுதினேன். எங்கள் மேனேஜர் எல்லோரையும் சிசியில் வைத்துக்கொண்டே, ‘லேக் என்றாலே பின்தங்குவதுதான், பிஹைண்ட் எதற்கு? ரிட்டர்ன் பேக் மாதிரி இருக்கிறது’ என்று பதில் போட்டுவிட்டார். நான் எழுதியது தப்பா? லேக் வேண்டாம் என்று டிரெயில் போட்டுக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தப்பே இல்லை, முதலில் நிம்மதியாக டீ குடியுங்கள். ரிட்டர்ன் பேக் விஷயத்தில் உங்கள் மேனேஜர் சொல்வது சரி. ஆனால் லேக் பிஹைண்ட் அந்த ரகமில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை ஜோடியாகவே பழகிவிட்டார்கள், அகராதியைத் திறந்தாலும் அந்த ஜோடி இருக்கும். விழுவது எப்போதும் கீழேதான், அதற்காக நாம் ‘கீழே விழுந்தான்’ என்று சொல்லாமல் இருக்கிறோமா?

பிஹைண்ட் இல்லாமலும் லேக் நிற்கும் என்பதும் உண்மைதான், அதற்கு உங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. எலெக்ட்ரிக்கல் படித்த யாரையாவது கேளுங்கள், ‘கரண்ட் லேக்ஸ் வோல்டேஜ்’ என்றுதான் சொல்வார்கள், நடுவில் பிஹைண்ட் வராது. சிவில் என்ற ஐந்து ஆங்கில எழுத்தை வைத்து இதை மனப்பாடம் செய்வார்கள் (ஐ என்றால் கரண்ட், வி என்றால் வோல்டேஜ், சி என்றால் கெபாசிட்டர், எல் என்றால் மோட்டாரில் இருப்பது போன்ற கம்பிச்சுருள்): சி-யில் ஐ முன்னால், வி பின்னால், எல்-லில் வி முன்னால், ஐ பின்னால். மோட்டார்கள் அதிகம் ஓடும் இடத்தில் பவர் ஃபேக்டர், அதாவது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற கணக்கு, ‘0.8 லேகிங்’ என்று காட்டுவதும், அதை ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவர பேனல் ரூமில் கெபாசிட்டர் பேங்க் வைத்திருப்பதும் இதே கதைதான். பொருளாதாரச் செய்திகளிலும் ‘வேஜஸ் லேக் இன்ஃப்ளேஷன்’ என்று மொட்டையாக எழுதுவார்கள், அதாவது விலைவாசி ஓடுகிற வேகத்துக்குச் சம்பளம் ஓடவில்லை. உங்கள் மேனேஜர் இந்தப் பக்கத்திலிருந்து வந்தவராக இருந்தால் பிஹைண்ட் அவர் காதுக்கு உறுத்தியதில் ஆச்சரியமில்லை.

சிசி விவகாரத்தில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் ஒருவருடைய ஆங்கிலத்தை ஊரைக் கூட்டித் திருத்துகிறவர் அதற்கு முன்னால் அகராதியை ஒரு தடவை புரட்டியிருக்கலாம்.

நம் ஆட்கள் உண்மையிலேயே சறுக்குவது வேறு இடத்தில். தமிழ் எழுத்தில் ஒரே ‘க’தான், அதனால் லேக் என்று எழுதினால் பின்தங்குவதா, இல்லாமல் போவதா, ஏரியா என்று கண்டுபிடிக்க முடியாது, வாயிலும் பல பேருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் வருகிறது. ஏரியை விடுங்கள், யாரும் மெயிலில் போடப் போவதில்லை. மற்ற இரண்டும்தான் ஆபத்து. ஜி இரண்டு போட்டால் பின்தங்குவது, சி-யும் கே-யும் போட்டால் ஒரு பொருளோ குணமோ இல்லாதது. ‘லேக்கிங் பிஹைண்ட்’ என்று சி, கே போட்டு எழுதிய மெயில்கள் எல்லா ஆபீஸிலும் சுற்றுகின்றன, ஸ்பெல்செக்கும் அதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே நல்ல சொற்கள். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் ‘மேத்ஸில் லேகிங்’ என்று சொன்னால் பையன் கொஞ்சம் பின்னால் இருக்கிறான், பிடித்துவிடலாம் என்று அர்த்தம். அதையே ‘லேக்கிங்’ என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் அப்பா, பையனுக்குக் கணக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

படம் பார்த்துவிட்டு ‘செகண்ட் ஆஃப் லேக்’ என்று சொல்கிறோமே, அது நாம் வளர்த்துக்கொண்டது. நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் வெளிநாட்டு கஸ்டமரிடம் படத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘டிராக்ஸ்’ (இழுக்கிறது) என்று சொல்வது நல்லது.

இப்போது டிரெயில். வேண்டாம். டிரெயில் என்றால் அங்கே ஒரு போட்டி நடக்க வேண்டும், எதிரில் ஆள் இருக்க வேண்டும், ஸ்கோர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2001 மார்ச்சில் கொல்கத்தா டெஸ்டில் ஆஸ்திரேலியா 445, இந்தியா 171-க்கு ஆல் அவுட். அந்த நிலையில் ‘இந்தியா டிரெயில் பை 274 ரன்ஸ்’. ஃபாலோ ஆன் வாங்கி, லக்ஷ்மண் 281, டிராவிட் 180 அடித்து, கடைசியில் நாம் 171 ரன்னில் ஜெயித்தோம் என்பது உங்களுக்கே தெரியும், சும்மா சொல்லிப் பார்க்க ஆசை. ஒருநாள் மேட்ச் சேஸிங்கில் டிரெயில் வராது, அங்கே ‘நீட்’ வந்துவிடும், இத்தனை பந்தில் இத்தனை ரன் என்று.

வாக்கு எண்ணிக்கை நாளில் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பட்டியலைப் பார்த்தீர்கள் என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் ‘லீடிங் கேண்டிடேட்’, பக்கத்தில் ‘டிரெயிலிங் கேண்டிடேட்’, அப்புறம் வித்தியாசம் எத்தனை ஓட்டு என்று இருக்கும். டிரெயிலிங் என்று பெயர் வருவது இரண்டாவது ஆளுக்கு மட்டும்தான், மூன்றாவது ஆளுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. அந்த நேரத்தில் நம் டிவிக்காரர்கள் ‘பின்னடைவு’ என்று போடுவது எனக்கு என்னவோ பிடிப்பதில்லை, ஐம்பது ஓட்டு குறைந்தவருக்கும் ஏதோ பெரிய அடி விழுந்த மாதிரி இருக்கிறது.

உங்கள் லைன் 2 யாரோடும் மோதவில்லை, அதனால் டிரெயிலுக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று, டிரெயில் என்றால் ஒருவருக்குத் தெரியாமல் பின்தொடர்வது என்றும் ஒரு அர்த்தம் உண்டு, போலீஸ் சந்தேகப்படுகிற ஆளின் பின்னாலேயே போவார்களே, அது. வேலையில் மேனேஜரைவிடக் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ டிரெயில்டு மை மேனேஜர்’ என்று எழுதினால், அடுத்த மெயில் ஹெச்ஆரிடமிருந்து வரும்.

சரி, உங்கள் வாக்கியத்தில் குறையே இல்லையா என்றால் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பிஹைண்டில் இல்லை. லேகிங் என்று சொன்னால் லைன் இன்னமும் மெதுவாகத்தான் ஓடுகிறது, இடைவெளி தொடர்கிறது என்கிற வாசனை அடிக்கும், கூடவே அங்கே நிற்கும் ஆட்கள் சுறுசுறுப்பில்லாதவர்கள் என்றும் ஒரு குத்தல் சேரும். சரக்கு வராமல் இரண்டு நாள் நின்றுபோய், இப்போது முழு வேகத்தில் ஓடுகிற லைனாக இருந்தால் அந்த சூப்பர்வைசர் உங்கள் மெயிலைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. எதைவிட இரண்டு நாள் பின்னால் என்பதும் அதில் இல்லை. அதனால் ‘லைன் 2 இஸ் டூ டேஸ் பிஹைண்ட் ஷெட்யூல்’ என்று எழுதிவிடுங்கள். லேக்கும் போயிற்று, மேனேஜருக்குப் பிடிக்காத பிஹைண்ட் மட்டும் தைரியமாக நிற்கும், இந்த இடத்தில் அதை அவரால் எடுக்கவும் முடியாது. அதற்குக் கீழேயே எதனால் தாமதம், எந்தத் தேதிக்குள் ‘கேட்ச் அப்’ செய்வீர்கள் என்று ஒரு வரி போட்டுவிட்டால் அவர் நேராக அந்தத் தேதியைத்தான் பார்ப்பார்.