பிரேக் புடிச்சா பேட்டரி ஏறுமா?

கேள்வி: பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓட்டுற ஹைபிரிட் கார்ல சார்ஜர் குத்துறதே இல்லையே, அப்புறம் பேட்டரிக்கு கரண்ட் எங்கிருந்து வருது?

பதில்: கொஞ்சம் இன்ஜின் குடுக்குது, மிச்சம் நீங்க பிரேக் புடிக்கிறதுல வருது, அதுதான் இதுல அருமையான விஷயம்! சாதா கார்ல பிரேக்க மிதிச்சா பேடு டிஸ்க்க கவ்வி வண்டியோட வேகம் பூரா சூடாகி காத்துல போயிரும், நீங்க காசு குடுத்து போட்ட பெட்ரோல்தாங்க அது. 1997ல ஜப்பான்ல வந்த டொயோட்டா ப்ரியஸ எடுத்துக்கோங்க, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தாலே சக்கரம் மோட்டார சுத்த ஆரம்பிச்சிரும், மோட்டார் அப்ப ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு கரண்ட் அனுப்பும், பழைய சைக்கிள்ல டைனமோவ டயர்ல சாய்ச்சதும் மிதிக்க கனமாகுமே, அதே கனம்தான் இங்க வண்டி வேகத்த குறைக்குது. சிக்னல் விழுந்து கிளம்புறப்போ அந்த கரண்ட்லயே இன்ஜின் சத்தமில்லாம நகரும்.

அதனாலதான் நின்னு நின்னு போற சிட்டி டிராஃபிக்ல மைலேஜ் நல்லா கிடைக்குது, ஹைவேல பிரேக்கே தொடாம போனா இந்த லாபம் கம்மி. திடீர்னு அழுத்துனா பேடு பிரேக்கும் சேந்துக்கும், அப்ப சூடா போறது போனதுதான், அதனால தூரத்துல சிக்னல பாத்ததுமே மெதுவா மிதிங்க. நீள இறக்கத்துல பேட்டரி ரொம்பிட்டா கரண்ட் போக இடமிருக்காது, கியர 'B'ல (பார்க்கிங் 'P' இல்ல) போட்டு இன்ஜின் பிடியில இறங்குங்க.