செவில் நகரில் இரண்டு மாலைகள்: எந்த ஃபிளமெங்கோவைப் பார்ப்பது?

கேள்வி: அலுவல் காரணமாகச் செப்டம்பரில் ஸ்பெயினின் செவில் நகருக்குச் செல்கிறேன். இரண்டு மாலைகள் ஓய்வு கிடைக்கும். ஸ்பானியப் பாடகி ரோசலியாவின் பாடல்கள் வழியாகத்தான், பாட்டும் கிதாரும் ஆட்டமும் சேர்ந்த அந்நாட்டுக் கலையான ஃபிளமெங்கோ எனக்கு அறிமுகம். அது ஃபிளமெங்கோவே அன்று என்கிறார் என் நண்பர். பழைய முறையைப் பார்ப்பதா, புதியதைப் பார்ப்பதா?

பதில்: முதல் மாலையைத் தப்லாவோவுக்கும் இரண்டாவது மாலையைப் பெரிய அரங்குக்கும் ஒதுக்குங்கள், இந்த வரிசையை மாற்றாதீர்கள். தப்லாவோ என்பது மரப்பலகை மேடையைச் சுற்றிப் பார்வையாளர்கள் நெருங்கி அமரும் சிறு கூடம். பாடுபவர், கிதார் வாசிப்பவர், ஆடுபவர் மூவரும் ஒருவரையொருவர் கவனித்து, அந்தந்த நொடியில் முடிவெடுத்து நிகழ்த்துவதை அங்கே மிக அருகிலிருந்து காணலாம். ஆடுபவர் காலடியால் ஓர் அழைப்பு விடுப்பார். பாடகர் அதை ஏற்று அடுத்த வரியை எடுப்பார். இந்த உரையாடலை ஒருமுறை கண்டுகொண்டவருக்குத்தான் புதிய படைப்பாளிகள் எதைக் கலைத்து அடுக்குகிறார்கள் என்பது விளங்கும்.

அந்த மேடையில் ஒருவர் மரப்பெட்டியின் மீது அமர்ந்து, அதன் முன்பலகையைக் கைகளால் தட்டிக்கொண்டிருப்பார். கஹோன் எனப்படும் அந்த வாத்தியம் பெரு நாட்டில் ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே பிறந்தது. கிதார் மேதை பாகோ தே லூசியா அதை 1970களின் இறுதியில்தான் ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் தாளத்தைத் தாங்கியவை பெரும்பாலும் கைத்தட்டலும், குதிகாலும், கிதாரின் மேற்பலகையில் விழும் விரல்தட்டலுமே. அவருடைய நெருங்கிய கூட்டாளியான பாடகர் கமரோன் தே லா இஸ்லா, ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதைகளைக் கொண்டு 1979இல் வெளியிட்ட இசைத்தட்டில் மின்கிதார், டிரம்ஸ், ஒரு பாடலில் நம் சிதார்கூட ஒலித்தன. மரபுவாதிகள் கொதித்தார்கள், விற்பனையும் படுத்துவிட்டது. இன்றோ அதை ஃபிளமெங்கோ வரலாற்றின் திருப்புமுனை என்கிறார்கள்.

ஆகவே கருவிகளைக் கொண்டு எது ஃபிளமெங்கோ என்று தீர்மானிக்க இயலாது. கொம்பாஸ் எனப்படும் தாளச் சுழற்சியைக் கவனியுங்கள். புலேரியா என்ற விறுவிறுப்பான வகையில் பன்னிரண்டு எண்ணிக்கைகள் உண்டு. ‘தகிட தகிட தக தக தக’ என்று ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் அழுத்தி, நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். அதன் அடிப்படை அழுத்தங்கள் பிடிபட்டுவிடும். பயணத்துக்கு முன் இதை வாயில் பழக்கிக்கொள்ளுங்கள்.

ரோசலியாவைப் பொறுத்தவரை, 2018இல் கணினி ஒலிகளோடு வந்த தொகுப்பை மட்டும் கேட்டு முடிவுக்கு வர வேண்டாம். 2017இல் வந்த முதல் தொகுப்பில் பெரும்பாலும் ஒரு குரலும் ஒரு கிதாரும்தான். முறையாகப் பயின்றவரின் பாட்டு அது. ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கத்தலோனியாவைச் சேர்ந்த அவர், தெற்கே செவில் அமைந்த ஆண்டலூசியாவின் ஹித்தானோ (ஸ்பெயின் நாட்டு ரோமா இன) மக்கள் வளர்த்த கலையால் புகழ் பெறுவது சரியா என்ற கேள்வி வேறு; அதில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கொண்டு அவருடைய பாடற்பயிற்சியை மறுக்கலாகாது.

ஆட்டத்தில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் துணிச்சலானது. செவிலில் பிறந்த இஸ்ராயேல் கல்வான் இசையே இல்லாத அமைதியில், உடலைப் பக்கவாட்டில் ஒடித்து நிறுத்தி ஆடுவார்; அதே கலைஞர் 2005இல் ஒரு பாடகர், ஒரு கிதார் கலைஞர் என இருவரை மட்டும் உடன்வைத்து, மிகப் பழைய அமைப்பிலேயே தம் புதுமையைக் காட்டினார். மாலகாவைச் சேர்ந்த ரோசியோ மொலினா சமகால நடனத்தையும் ராக் இசையையும் உள்ளிழுத்துக்கொண்டவர். மனுவேல் லினியான் 2019இல், பெண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட நீள்வால் பாவாடையை ஆண்களுக்கு அணிவித்து ஒரு முழு நிகழ்ச்சியையே அமைத்தார். இவர்களுள் யாருடைய நிகழ்ச்சி அந்த வாரத்தில் இருந்தாலும் சீட்டு வாங்கிவிடுங்கள்.

நீங்கள் செல்வது இரட்டைப்படை எண் கொண்ட ஆண்டானால், 1980இல் தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் செவில் ஃபிளமெங்கோ விழா செப்டம்பரில் நடக்கிறதா என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். தப்லாவோவில் ஆடுபவரின் பாதங்கள் மறையாத இடமாகக் கேட்டு வாங்குங்கள். பாடல் வரி முடியும் இடத்தில் ‘ஒலே’ என்று பாராட்டுவது வழக்கம்தான். ஆனால் நிகழ்ச்சியின் நடுவே சேர்ந்து கைதட்ட வேண்டாம். அங்கே கைத்தட்டல் மேடையிலிருப்பவர்களின் வாத்தியம். ஓர் அடி பிசகினாலும் அது ஆடுபவரின் காலைக் குழப்பும்.