எத்தனுக்கு எத்தனான ஒரு பூ

கேள்வி: தேனீ அமர்ந்திருப்பதைப் போலவே பூக்கும் காட்டு ஆர்க்கிட் ஒன்று சைப்ரஸ் தீவில் இருப்பதாகப் படித்தேன். அது அரிதாகிவருவது ஏன்? கிழங்கை எடுத்துத் தொட்டியில் வளர்த்துக் காப்பாற்ற முடியாதா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஓஃப்ரிஸ் கோட்சியி. ஓஃப்ரிஸ் பேரினத்தின் பல இனங்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவியிருந்தாலும், இது சைப்ரஸுக்கு மட்டுமே உரியது. முழங்கால் உயரத்தைத் தாண்டாத இச்செடி மார்ச்சையொட்டிப் பூக்கும்போது, பச்சைப் புறவிதழ்களுக்குக் கீழே வெல்வெட் போன்ற கரிய இதழொன்று புடைத்து நிற்கும். அதன்மேல் வெள்ளைக் கரையிட்ட கோலமும், இருபுறமும் மயிரடர்ந்த மடல்களும் தெரியும்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. பெண் தேனீயின் மணத்தைப் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட்டு, மெலெக்டா என்னும் தேனீயின் ஆணை இது வரவழைக்கிறது. இணைசேர முயலும் ஆணின் உடலில் மகரந்தத் திரள் ஒட்டிக்கொள்ள, அது அடுத்த பூவிலும் ஏமாறும்போது மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், மெலெக்டாவும் யோக்கியமான தேனீ அன்று. தனக்கென்று கூடு கட்டாமல், அந்தோஃபோரா தேனீக்களின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடுவது அதன் பிழைப்பு. ஆகவே அந்தோஃபோரா கூடுகட்ட இடமும் உணவெடுக்கப் பூக்களும் இல்லாத நிலத்தில் மெலெக்டா இருக்காது. மெலெக்டா இல்லாவிட்டால் இந்த ஆர்க்கிட் விதை பிடிப்பதும் அரிது.

சுண்ணாம்பு கலந்த மண், குட்டையான புதர்கள், இடையிடையே புல்வெளி, வெயில் விழும் பைன் மரத்தோப்பின் ஓரம் ஆகியவையே இதன் வாழிடம். லார்னகா உப்பு ஏரியின் சுற்றுப்புறத்திலும் இதைக் காணலாம். கட்டடங்களும் உழவும் இத்தகைய நிலத்தை விழுங்குகின்றன. மேய்ச்சல் மிகுந்தால் பூந்தண்டு தப்பாது. அறவே நின்றாலோ புதர் மண்டி வெளிச்சத்தை மறைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டம் இந்த இனத்தைப் பாதுகாக்கிறது என்றாலும், வேலியடைத்துவிட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை.

தொட்டியில் வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தூசு போன்ற இதன் விதையில் உணவுச் சேமிப்பே இல்லாததால், மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். தோண்டியெடுத்த கிழங்கோடு அந்த மண்ணுறவு முழுதாக வராது, தேனீயும் வராது. நேரில் காண விரும்பினால் மார்ச்சில் செல்லுங்கள்; படமெடுக்க மண்டியிடும் முன், பூக்காத செடிகளின் இலைகள் தரையோடு படிந்து கிடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.