சங்கம் வைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாமா?

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சங்கத்தில் சேர்ந்தால் வேலைக்கு ஆபத்தா?

இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் ஊழியர் சேரக்கூடாது என்ற மத்திய அரசு விதியை உச்ச நீதிமன்றம் 1962-லேயே ரத்து செய்துவிட்டது. தைரியமாகச் சந்தா கட்டுங்கள்.

ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்துக்கு அழைத்தால் போகலாமா? வீட்டில் 2003-ஐச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழக அரசு, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவை அவசரமாகத் திருத்தி, சுமார் 1,70,000 பேரை விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்தது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

அடிப்படை உரிமை இல்லை என்பது 1962 முதலே நீதிமன்றம் சொல்லி வருவதுதான். ஆனால் தார்மீக உரிமைகூட இல்லை என்றதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஓய்வூதியத்தை நம்பி வாழ்நாளைக் கொடுத்தவர், அதில் கை வைக்கும்போது வேறு எப்படித்தான் எதிர்ப்பைக் காட்டுவார்?

சரி, நடைமுறைக்கு வருவோம். போராடும் நாளுக்குச் சம்பளம் கிடைக்காது. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் பதவி உயர்வும் தள்ளிப் போகும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வேலை நேரம் முடிந்தபின் அலுவலகத்துக்கு வெளியே அமைதியாக ஆர்ப்பாட்டம் நடத்துவது வேறு. எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது என்ற பீகார் அரசின் விதி அதே 1962-இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

எல்லோரும் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால்?

பெயர் மாறுமே தவிர விளைவு மாறாது. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது. நடத்தை விதிகளைக் காட்டி, 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்றுதான் சுற்றறிக்கை வரும்.

என் அண்ணன் அரசுப் பேருந்து ஓட்டுநர். அவர்கள் மட்டும் எப்படி ஸ்ட்ரைக் செய்கிறார்கள்?

போக்குவரத்துக் கழக ஊழியர்கள் தொழிலாளர் சட்டத்துக்குள் வருபவர்கள். முறைப்படி முன்னறிவிப்பு கொடுத்து, சமரசப் பேச்சு முடிந்தபின் வேலைநிறுத்தம் செய்ய அந்தச் சட்டமே வழி விடுகிறது. அண்ணனின் சங்கம் பேசி, ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறது. உங்களுக்கு அரசாணை வருகிறது. இருவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவர்களுக்குச் சங்கம் எதற்கு? சாதிச் சான்றிதழுக்கு அலைவது பொதுமக்களாகிய நாங்கள்தானே?

உங்கள் அலைச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைநிறுத்தம் கூடாது என்றால், பேசித் தீர்க்க வலுவான வேறு இடம் வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு இருக்கிறது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். தமிழக ஊழியருக்கும் அப்படியொரு மன்றம் சட்டப்படி வரட்டும். தாலுகா ஆபீஸ் முடங்கும் நாட்கள் குறைந்தால் உங்களுக்கும் நல்லதுதானே.