பழைய செங்கல் வீட்டில் நடுச்சுவரை எடுக்கலாமா? கட்டட இன்ஜினீயரிடம் கேள்வி பதில்

கேள்வி: சார், மயிலாப்பூரில் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒன்பது இன்ச் சுவர். எடுத்துவிடலாம் என்கிறார் கொத்தனார்.

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸில் மரக்கட்டைகளை நெருக்கமாக வைத்து, மேலே செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லித் தளம் போட்டிருப்பார்கள். கட்டைகளின் முனை எந்தச் சுவரில் உட்காருகிறதோ, அந்தச் சுவர்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகிறது. கட்டைகள் சுவருக்கு இணையாக ஓடினால் பாரம் குறைவு. ஆனாலும் அந்த நடுச்சுவர் இருபுறமும் உள்ள நீளச் சுவர்களைச் சாயாமல் பிடித்திருக்கும். அதனால் முழுச் சுவரையும் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டு ஓரத்திலும் இரண்டடியாவது விட்டு, நடுவில் மட்டும் திறப்பு வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கான்கிரீட் தளம். நாலரை இன்ச் சுவர்தானே, இடிக்கலாமா?

பதில்: பெரும்பாலும் அது வெறும் தடுப்புதான். ஆனால் மாடிக்குப் போய்ப் பாருங்கள், நேர் மேலே இன்னொரு சுவர் நிற்கலாம். தளமும் இதன் மேல் உட்கார்ந்திருக்கலாம். தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம் பத்தடியிலிருந்து இருபதடியானால், தளத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். அதற்கேற்ற கம்பி நடுவில், தளத்தின் அடிப்பக்கம் இருக்காது. தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: சுவருக்குப் பதிலாகத் தளத்தைத் தாங்க இரும்பு பீம் வாங்கியாகிவிட்டது. எப்போது இடிக்கலாம்?

பதில்: கடைசியில்! முதலில் சுவரின் இரண்டு பக்கமும் தளத்தைத் தற்காலிகமாகத் தாங்க முட்டு. முட்டுக்கு அடியில் பலகை. பழைய சுண்ணாம்புக் காரை மென்மையானது, அதனால் பீமின் இரண்டு முனைக்கும் அடியில் கான்கிரீட் பெட் பிளாக் (பாரத்தைச் சுவரில் பரப்பும் கட்டை) போட்டு இறுக விடுங்கள். அப்புறம் பீமை ஏற்றி, பீமுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை இறுக்கமாக அடைத்த பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். பத்தடி நீளம், பத்தடி உயரமுள்ள ஒன்பது இன்ச் சுவர் ஏறக்குறைய 4 டன். உடைத்த கல்லை மாடித் தளத்தில் குவிக்க வேண்டாம். இன்னொன்று, முன்பு சுவர் நெடுகப் பரவியிருந்த பாரம் இனி இரண்டு முனையில் இறங்கும். அந்த இடத்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் நான் பீமின் அளவையே சொல்வதில்லை.

கேள்வி: சுவருக்குள் ஒயர் ஓடுகிறது.

பதில்: மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியன் ஒயரை மாற்றிய பிறகு சுத்தியலை எடுங்கள்.

கேள்வி: உடைத்த ஓரங்களுக்குச் சிமென்ட் பூசலாமா?

பதில்: சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். செங்கல் பொரிந்து உதிர ஆரம்பிக்கும்.