கரடி பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டாம், சாலையோரம் போதும்

கேள்வி: கனடாவின் வடகோடியில் காரில் போய், கூடாரம் அடித்துத் தங்கி, காட்டு விலங்குகளைப் பார்க்க முடியுமா? மலையேற்ற அனுபவம் தேவையா?

தாராளமாக முடியும், மலையேற்றம் எல்லாம் தேவையே இல்லை. நாங்கள் ஜூன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக்கில் கிளம்பி, அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக, வடக்கே அடுத்த பிரதேசமான யூகானில் குளுவானி ஏரி வரை போனோம். கண்ணில் பட்ட கரடிகளில் பெரும்பாலானவை சாலையோரத்தில்தான் நின்றன.

காரணம் சாலையேதான். 1942-ல் இரண்டாம் உலகப் போர் அவசரத்தில் அமெரிக்க ராணுவம் போட்ட பாதை இது. இப்போதும் இருபுறமும் மரங்களை வெட்டி அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு, ஒரே இருட்டு. வெயில் விழுவது ஓரத்தில், அதனால் புல்லும் டேன்டேலியன் என்ற மஞ்சள் பூச்செடியும் அங்கேதான் மண்டிக் கிடக்கின்றன. குளிர்கால உறக்கம் முடிந்து எலும்பும் தோலுமாக வரும் கரடிக்கு அது பந்தி. ஒரு கருங்கரடி அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்து, மஞ்சள் பூவை மட்டும் உதட்டால் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. மூக்கெல்லாம் மகரந்தம். எங்கள் காரை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்டோன் மலைப் பூங்காவில் சம்மிட் ஏரிப் பக்கம் போனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஸ்டோன் ஷீப் என்ற கறுப்பும் சாம்பலுமான காட்டு ஆடுகள் உப்புச்சத்துக்காகச் சாலையையே நக்கிக்கொண்டு நிற்கும். ஹாரன் அடித்தாலும் நகராது (அடிக்கவும் கூடாது). லியார்ட் ஆறு தாண்டி வாட்சன் லேக் ஊர் வரை பைசன் என்ற காட்டெருமைகளின் ராஜ்ஜியம். பெரிய கடா 900 கிலோ வரை வரும். அந்தி மங்கினால் அந்தக் கரும்பழுப்பு உடம்பு தாருக்கும் காட்டுக்கும் நடுவே கரைந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே வண்டி ஓட்டாதீர்கள்.

தங்குவதற்கு லியார்ட் வெந்நீர் ஊற்றை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் 42 முதல் 52 டிகிரி வரை கொதிக்கும், வண்டியோட்டி இறுகிப்போன முதுகுக்கு அதைவிட மருந்து கிடையாது. ஊற்றுக்குப் போகும் மரப்பாலத்தின் அடியில் வெதுவெதுப்பான சதுப்பு. மூஸ் என்ற பெரிய மான் அங்கே மேய வரும். முகாமைச் சுற்றி மின்வேலி இருப்பதால் கூடாரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

யூகான் அரசின் முகாம்களில் விறகு இலவசம், கட்டணத்தை உறையில் போட்டுப் பெட்டியில் போட வேண்டியதுதான். குளுவானி ஏரிக்கரையில் காங்டன் கிரீக் முகாம் அழகு, ஆனால் சோப்பெர்ரி என்ற காட்டுப் பழம் பழுக்கும் காலத்தில் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடிகள் மொய்க்கும் இடம். அதனால் கூடாரம் அடிப்பவர்களுக்கு மட்டும் தனியாக மின்வேலி கட்டியிருக்கிறார்கள். சாப்பாடு, பற்பசை, சோப்பு எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம், எல்லாம் காருக்குள். பக்கத்திலேயே மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று டால் ஷீப் என்ற காட்டு ஆடுகள் தெரியும். தகவல் மையத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், கையில் பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது கரடியல்ல, வெளிச்சமும் கொசுவும். யூகானின் தலைநகர் வைட்ஹார்ஸில் ஜூன் மாதப் பகல் சுமார் 19 மணி நேரம். கண்பட்டி இல்லாமல் போகாதீர்கள்.

டேங்க் பாதிக்குக் குறையும் முன்பே நிரப்பிவிடுங்கள். பெட்ரோல் பங்குகள் தூரத்தூரம், பல இடங்களில் போனில் சிக்னலும் கிடையாது. விலங்கைக் கண்டால் ஓரமாக நிறுத்தி, காருக்குள் இருந்தபடியே பாருங்கள். தேசியப் பூங்காக்களில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 மீட்டர், மூஸுக்கும் ஆட்டுக்கும் 30 மீட்டர் தள்ளியிருக்கச் சொல்கிறார்கள். கொசுத்தொல்லை வேண்டாமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் போகலாம். அந்த மாதம் போகப்போக முகாம்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்துவிடுவார்கள், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.